குற்றம் படிப்பவர் மேல் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு மருத்துவக் கருவிகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிரஷர் பார்க்கும் கருவி, சுகர் பார்க்கும் கருவி, நெபுலைசர் என்று எதை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதெல்லாம் தேவையான செய்திதான். ஆனால் கடைசிப் பத்தியில், 'நம் மக்களுக்குக் கையேடு படிக்கும் பழக்கமே கிடையாது, பிறகு கருவி தப்பாகக் காட்டுகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள்' என்று ஒரு வரி. அதைத் தாங்கள் எப்படி விட்டீர்கள் என்று தெரியவில்லை. அரசு மருத்துவமனை மருந்தக கவுண்டருக்குப் பின்னால் நின்றே பணிக்காலம் முழுவதையும் கழித்தவள் நான். எங்கள் மக்கள் எதைப் படிக்கிறார்கள், எதைப் படிக்க முடியாமல் மடித்து வைத்துவிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு அவர் மகன் பிரஷர் கருவி வாங்கி அனுப்பியிருந்தார். பெட்டிக்குள் இருந்த தாளை விரித்தால் கட்டிலில் பாதியை அடைத்தது. பெரியவர் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தார். தண்ணீரில் போடாதே, பிரித்துப் பார்க்காதே, குழந்தை கையில் கொடுக்காதே, பேட்டரியை நெருப்பில் எறியாதே என்று எச்சரிக்கையாகவே போய்க்கொண்டிருந்தது. கையில் பட்டையைக் கட்டுவது எப்படி என்பது தாளின் மறுபக்கத்தில், கட்டைவிரல் நகமளவுப் படமாக இருந்தது. ட்யூப் எந்தப் பக்கம் வரவேண்டும் என்பது அந்தப் படத்தில் தெரியவில்லை. உணவு முடித்து, மாடிப்படி ஏறி வந்து, சட்டைக் கையின் மேலேயே பட்டையைக் கட்டி, பேத்தியோடு பேசிக்கொண்டே அவர் அளவு பார்த்தார். ஒவ்வொரு நாளும் 170-க்கு மேல் காட்டியது. அந்தக் குறிப்பைப் பார்த்த டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். நாலாம் நாள் காலையில் எழுந்து நின்றவர் தலைசுற்றி விழுந்தார்.

ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் இரண்டும் தரையில் படவேண்டும், சட்டையை நீக்கி வெறுங்கையில் கட்ட வேண்டும், கை நெஞ்சின் மட்டத்தில் மேசை மேல் இருக்க வேண்டும், அதற்கு முந்தைய அரைமணி நேரத்தில் காபி கூடாது, சிறுநீர் கழித்துவிட்டு உட்கார வேண்டும். மொத்தமே இவ்வளவுதான், ஓர் அஞ்சலட்டையில் அடங்கிவிடும். இவற்றில் பாதி அந்தத் தாளில் எங்குமே இல்லை. மீதி பாதி, உத்தரவாத நிபந்தனைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு கிடந்தது. ஒரு வரி விடாமல் படித்த மனிதர் அவர். படிக்கும் பழக்கம் இல்லாதவர் என்று அவரைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் பெண்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டித் தாளைத் தினமும் படிக்கிறார்கள். அதில் எழுத்து எவ்வளவு பொடி என்று தாங்கள் அறிவீர்கள். ஆனால் ராகு காலம் நேற்று எங்கே இருந்ததோ இன்றும் அங்கேயே இருக்கும். நல்ல நேரத்தைத் தேடி யாரும் தாளைத் திருப்ப வேண்டியதில்லை. நகைக்கடன் ரசீதையும் மகளிர் குழுக் கணக்கையும் வரிக்கு வரி படித்துக் கேள்வி கேட்கிறவர்கள் அவர்கள்.

இது இன்றைக்கு நேற்று வந்த ஆதங்கம் இல்லை. குழந்தைகளுக்குப் பொடியாக வரும் ஆன்டிபயாடிக் பாட்டிலைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். காய்ச்சி ஆறிய தண்ணீரைக் கோடு வரைக்கும் ஊற்றிக் குலுக்க வேண்டும், நுரை அடங்கி மட்டம் இறங்கினால் மறுபடி கோடு வரைக்கும் ஊற்ற வேண்டும், ஒவ்வொரு வேளையும் குலுக்கித்தான் கொடுக்க வேண்டும், லேபிளில் சொன்ன நாளுக்குப் பிறகு கொட்டிவிட வேண்டும். இதெல்லாம் லேபிளில் ஆங்கிலத்தில், கடுகளவு எழுத்தில் இருக்கிறது. கொதிக்கக் கொதிக்க ஊற்றிய தாயையும், தண்ணீரே சேர்க்காமல் பொடியை ஸ்பூனில் எடுத்துக் கொடுத்த தாயையும் கவுண்டரில் நான் பார்த்திருக்கிறேன். ஓஆர்எஸ் பொட்டலமும் இப்படித்தான். ஒரு லிட்டர் தண்ணீரில் கரைப்பது ஒன்று, 200 மில்லியில் கரைப்பது ஒன்று. லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்தால், வயிற்றுப்போக்கில் துவண்டு கிடக்கும் பிள்ளைக்கு உப்பு ஏறி நிலைமை இன்னும் மோசமாகும். அந்த 'ஒரு லிட்டர்' என்பதைப் பொட்டலத்தின் முகப்பிலேயே, பெரிய தமிழ் எழுத்தில் அச்சடிக்க என்ன தடை?

இன்சுலின் விஷயத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது. நம் நாட்டில் ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள இன்சுலினும் விற்கிறது, 100 யூனிட் உள்ளதும் விற்கிறது. 40-க்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100-க்கானதின் மூடி ஆரஞ்சு. நோயாளி சிவப்பு மூடி சிரிஞ்சில் 100 யூனிட் மருந்தை 20 என்ற கோடு வரை இழுத்தால், உடம்பில் ஏறுவது 20 இல்லை, 50. வயதானவர்கள் தூக்கத்திலேயே நினைவு தப்பிப் போக அது போதும். மாற்றி, ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 40 யூனிட் மருந்தை அதே 20 வரை இழுத்தால், ஏறுவது 8 மட்டும். சர்க்கரை இறங்கவே இறங்காது, காரணமும் யாருக்கும் புரியாது. நான் பிரித்துப் பார்த்த மருந்துப் பெட்டித் தாள்களில் மருந்தின் வேதியியல் பக்கம் பக்கமாக இருந்தது. 'இந்த மருந்துக்கு இந்த நிற மூடி' என்ற ஒரு வரி தமிழில் எதிலும் இல்லை. ஊசி போட்டுக்கொள்கிறவருக்கு வேண்டியது அந்த ஒரு வரி.

2021 மே மாதத்தில், கொரோனா இரண்டாம் அலையின்போது, விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் பற்றித் தங்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தேன். அந்தக் கருவியில் இரண்டு எண் தெரியும். ஒன்று ஆக்ஸிஜன், மற்றது நாடித்துடிப்பு. நாடித்துடிப்பு 98 என்று காட்டியதை ஆக்ஸிஜன் என்று எண்ணி நிம்மதியாகப் படுத்திருந்த உறவினர் ஒருவருக்கு, அந்த நேரத்தில் உண்மையான ஆக்ஸிஜன் 89. நல்ல வேளையாக அவர் மருமகள் கருவியைப் படமெடுத்து எனக்கு அனுப்பினாள். அதைத்தான் எழுதியிருந்தேன். கடிதம் வெளிவரவில்லை. அன்றைக்கு இடநெருக்கடி இருந்திருக்கும். ஆனால் அன்று அந்த நாலு வரிக்குக் கிடைக்காத இடம், இன்று மக்கள் மேல் பழி போடுகிற வரிக்குக் கிடைத்திருக்கிறதே என்பதுதான் மனதை உறுத்துகிறது.

சட்டமும் பழியை மக்கள் மேல் போடவில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 84ஆம் பிரிவைத் தாங்கள் அறிவீர்கள். தீங்கு நேராமல் ஒரு பொருளைச் சரியாகப் பயன்படுத்தப் போதுமான வழிமுறைகளும் எச்சரிக்கையும் தராவிட்டால், உற்பத்தியாளர் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது அது. கையேடும் பொருளின் ஓர் உறுப்பு என்பதுதான் அதற்கு அர்த்தம். ஆனால் எந்த மொழியில் என்று வரும்போது நமக்கு நியாயம் கிடைப்பதில்லை. பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி, விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும், மற்ற மொழி உற்பத்தியாளர் விருப்பம். பூச்சிமருந்துக்கு மட்டும், 1971ஆம் ஆண்டு விதிகள் வட்டார மொழியிலும் துண்டுத்தாள் வேண்டும் என்கின்றன. வயலுக்கு அடிக்கும் மருந்துக்கு உள்ள அந்தக் கட்டாயம், உடம்பில் ஏற்றும் இன்சுலினுக்கு இல்லை. 13 லட்சம் பேர் வாழும் ஐரோப்பிய நாடான எஸ்தோனியாவில், வீட்டில் பயன்படுத்தும் மருத்துவக் கருவிக்கு அவர்கள் மொழியில் வழிமுறை தராமல் விற்க முடியாது. ஏழு கோடிக்கு மேல் இருக்கும் நாங்கள் கேட்டால் அது பேராசையாகிவிடுமா?

தமிழில் அச்சடித்துவிட்டால் மட்டும் போதும் என்றும் நான் சொல்லவில்லை. சில பெட்டிகளில் தமிழ் இருக்கிறது. எழுதியவரே ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தால் அச்சுக்கு அனுப்பியிருக்க மாட்டார். எழுதுகிறவர் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, அதை முதன்முதலாகப் பிரிக்கிறவரின் பக்கத்தில் உட்கார்ந்து எழுத வேண்டும். ஒரு வரியில் ஒரு வேலையைத்தான் சொல்ல வேண்டும். அந்த வேலை சரியாக முடிந்தால் திரையில் என்ன தெரியும் என்பதையும் உடனே சொல்ல வேண்டும். எச்சரிக்கைகளையெல்லாம் முன்பக்கத்தில் கொட்டாமல், தவறு நடக்கக்கூடிய அந்த இடத்துக்குச் சற்று முன்னால் ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். படத்தில் ஓர் உறுப்புக்கு என்ன பெயரோ, வரியிலும் அதே பெயர் வரவேண்டும். நாலு மாடலுக்கு ஒரே தாள் போட்டுவிட்டு, 'உங்கள் மாடலில் இது இல்லாமலும் இருக்கலாம்' என்று எழுதுவதை நிறுத்த வேண்டும்.

எங்கள் மருந்தகத்தில் அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, கவுண்டர் கம்பியில் கட்டித் தொங்கவிடுவோம். எழுதியதும் வரிசையில் நிற்கும் ஒரு பெண்ணிடம் கொடுத்து, 'இதைப் பார்த்துச் செய்து காட்டுங்கம்மா' என்போம். நாங்கள் வாய் திறக்க மாட்டோம். அவர் எந்த வரியில் தயங்கினாரோ அந்த வரியை மாற்றி எழுதுவோம். எழுத்துத் தெரியாத பாட்டிகளுக்கு மாத்திரை உறையில் காலைக்குச் சூரியனும் இரவுக்குப் பிறையும் வரைந்து கொடுத்தோம். மறுமாதம் வந்து, எந்த மாத்திரை எந்த நேரம் என்று மாறாமல் சொன்னார்கள். தனிச் செலவு ஏதும் ஆகவில்லை. லட்சக்கணக்கில் கருவி விற்கும் நிறுவனங்களால் பத்துப் பேரை உட்கார வைத்து இப்படிச் சோதிக்க முடியாதா?

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகப் போய் பிரஷரும் சுகரும் பார்க்கும் பெண்களுக்கு, எங்கே தவறு வருகிறது என்பது விரல்நுனியில் இருக்கிறது. கட்டுரையாளர் அவர்களில் ஒருவரோடு ஒரு காலைப்பொழுது நடந்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார்.

தங்களிடம் நான் கேட்பது சிறியதுதான். தங்கள் மருத்துவப் பக்கத்தில் வாரம் ஒரு கருவிக்கு அரைப்பத்தி ஒதுக்குங்கள். பெரிய எழுத்தில், படத்தோடு, வெட்டி எடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொள்ளும்படி இருக்கட்டும். முதலில் இன்சுலின் சிரிஞ்ச், அடுத்து பிரஷர் கருவி. எழுதித்தர நான் தயார், பெயர்கூடப் போட வேண்டாம். அச்சுக்குப் போகும் முன் தங்கள் அலுவலகத்தில் கருவியைத் தொட்டே பார்த்திராத ஒருவரிடம் கொடுத்துச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கடைசிப் பத்தியைப் பற்றி அடுத்த இதழில் ஒரு வரி வருத்தம் தெரிவித்தால், தங்கள் வாசகர்கள் பலரும் மகிழ்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
திருத்துறைப்பூண்டி.