பழைய பிக்கப் வாங்கப்போகும் மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆறு படங்களையும் நேற்று இரவு பார்த்தேன். வெள்ளை பொலிரோ பிக்கப், 2018 மாடல், ஐந்து லட்சத்து நாற்பதாயிரம். ஆறு படத்திலும் வண்டி தலைக்குக் குளித்துப் பொட்டு வைத்த மாதிரி நிற்கிறது. அடியில் என்ன இருக்கிறது என்று ஒரு படத்தில்கூடத் தெரியவில்லை. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நர்சரிக்குச் சொந்த வண்டி வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. வாடகை வண்டி வராமல் ரோஜாக் கன்று இருநூறு வாடிப்போன கதையை மாப்பிள்ளை சொன்னார். புதுசு வாங்கிப் பெரிய கடனில் மாட்டாமல் பழையது பார்ப்பதும் நல்லதுதான். ஆனால் 2009-இல் நான் வாங்கிய அந்த நீல வண்டியின் கதையை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை.

மூன்று கை மாறிய வண்டி அது. 1,85,000 ரூபாய் கொடுத்தேன். புதுப் பெயிண்ட், புது சீட் கவர். எஞ்சின் சத்தமும் நன்றாக இருந்தது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த நாலாவது மாதம், பின்பக்கம் ஒரு மாதிரி சாய்ந்து ஓடியது. பட்டறையில் தூக்கிப் பார்த்தால், வண்டியின் அடிச்சட்டமான சேஸில் விரிசல் விட்ட இடத்தில் தகடு வைத்து வெல்டிங் அடித்து, மேலே கறுப்புப் பெயிண்ட் பூசியிருக்கிறார்கள். எனக்கு முன்னால் அது செங்கல் சூளைக்கு ஓடிய வண்டி என்று அப்புறம்தான் தெரிந்தது. பத்தொன்பது நாள் நின்றது. 62,000 செலவு. "பதினொன்றாம் வகுப்புப் பணம் கட்ட ஸ்கூலில் ரெண்டு வாரம் டைம் கொடுத்திருக்காங்க" என்று உன்னிடம் சொன்னேனே, அப்படி யாரும் கொடுக்கவில்லை. அம்மாவின் வளையல் அடகுக்குப் போய்த்தான் கட்டினோம்.

செலவைக்கூட விடு. அந்தப் பத்தொன்பது நாளில் மண்டிக்காரர் வேறு வண்டி பிடித்துவிட்டார். அந்த லோடு எனக்குத் திரும்ப வரவே இல்லை. எந்த கம்பெனி வண்டி நல்லது என்று நீ கேட்டாய். பொலிரோவோ, தோஸ்த்தோ, குட்டி யானையோ, எல்லாவற்றிலும் உழைத்தவையும் உண்டு, உயிரை வாங்கியவையும் உண்டு. இதற்கு முன்னால் யாரிடம் இருந்தது, எதை ஏற்றியது என்று விசாரி. பால் கேனும் பிஸ்கட் பெட்டியும் ஏற்றிய வண்டி எட்டு வருஷத்திலும் இளசாக இருக்கும். எம்-சாண்டும் செங்கல்லும் ஏற்றியது மூன்றே வருஷத்தில் கிழடாகிவிடும்.

மீட்டரில் 78,000 கிலோமீட்டர் என்று எழுதியிருந்தாய். ஏழு வருஷம் ஓடிய லோடு வண்டிக்கு அது ரொம்பக் குறைச்சல். கிளட்ச் பெடல் ரப்பரைப் பார், ஸ்டீரிங் தேய்ந்து பளபளக்கிறதா பார். எழுபதாயிரம் ஓடிய வண்டியில் பெடல் ரப்பர் வழவழவென்று இருக்காது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2319 என்றால் 2019-இன் இருபத்து மூன்றாவது வாரம். பழைய டயர் மேல் புது ரப்பர் ஒட்டிய ரீபட்டன் டயரைப் போட்டு "புது டயர்" என்று சொல்வார்கள், மயங்காதே.

எஞ்சினைச் சூடு இல்லாமல் ஸ்டார்ட் செய்வதுதான் பெரிய பரீட்சை. காலையில் முதல் சாவியிலேயே பிடிக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை தள்ளுகிறதா? பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது என்று மெக்கானிக் சொல்வாரே, அது. எஞ்சின் உள்ளே தேய்ந்திருக்கும், பிஸ்டன், ரிங், லைனர் என்று வேலை இழுத்துக்கொண்டே போகும். சைலன்சரில் நீலப் புகை வந்தாலும் ஆயில் குடிக்கிறது என்று அர்த்தம். கறுப்புப் புகை என்றால் இன்ஜெக்டர், ஏர் ஃபில்டர், டர்போ எதுவாகவும் இருக்கலாம், பேரம் பேசலாம். அப்புறம் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் பட்டை உடைந்திருக்கிறதா, இரண்டு பக்கமும் ஒரே உயரமா, சேஸில் எங்காவது மட்டும் பெயிண்ட் புதுசா. அந்த வேலையை எனக்கு விட்டுவிடு, இந்த வயதிலும் படுத்து எழுந்திருக்கத் தெம்பு இருக்கிறது.

2021 மாடல், புதுப் புகை விதிப்படி வந்த பி.எஸ். 6 வண்டி ஒன்றும் இருக்கிறது, லட்சத்து இருபதாயிரம் கூட என்றாய். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைத்து எரிக்கும் ஃபில்டர் உண்டு. அது எரிய வேண்டுமானால் வண்டி கொஞ்ச நேரம் நல்ல வேகத்தில், நல்ல சூட்டில் ஓட வேண்டும். உன் ஓட்டமோ நர்சரியிலிருந்து பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து பாகலூர் ரோடு என்று குட்டிக் குட்டி ஓட்டம். கரி அடைத்து விளக்கு எரிய ஆரம்பித்தால் ரோட்டோரப் பட்டறையில் தீராது, கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கும் இடத்துக்குப் போக வேண்டும். உன் வேலைக்கு 2018, 2019-இன் பி.எஸ். 4 போதும் என்பது என் எண்ணம். மாப்பிள்ளை வேறு மாதிரி நினைத்தால் அவரும் சொல்லட்டும்.

நீ கணக்கில் சேர்க்காத ஒன்று, மண். கன்று என்றால் எடை இல்லை என்று நினைக்கிறாய். ஒரு கன அடி செம்மண் ஈரத்தோடு நாற்பத்தைந்து கிலோவுக்குக் குறையாது. பிக்கப் தொட்டி எட்டடி நீளம், ஐந்தரையடி அகலம் என்று வை. ஒரே ஒரு அடி உயரத்துக்கு மண் நிரப்பினால் கிட்டத்தட்ட இரண்டு டன். வண்டியின் தாங்குதிறன் 1.3 டன். தொட்டி இன்னும் நிறையாத மாதிரிதான் தெரியும், கீழே பட்டை நிமிர்ந்து போயிருக்கும். பிடிபட்டால் 2019 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் ஓவர்லோடு அபராதமே இருபதாயிரத்தில் தொடங்குகிறது. மண்ணை இரண்டு நடையாக அடி.

படத்தில் நம்பர் பிளேட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கே.ஏ. நம்பர், கர்நாடகா வண்டி. "அம்பதாயிரம் குறைவா கிடைக்குதுப்பா" என்று நீ சந்தோஷப்பட்டதற்குக் காரணம் அதுதான். அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடம் ஆட்சேபணை இல்லை என்கிற என்.ஓ.சி. வாங்கி, இங்கே டாக்ஸ் கட்டி, டி.என். நம்பருக்கு மாற்றி முடிக்கும்போது அந்த ஐம்பதாயிரத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று பார். அலைச்சலுக்குக் கணக்கே கிடையாது. ஓசூரில் குடியிருந்துகொண்டு அத்திப்பள்ளி தாண்டி வண்டி வாங்கினால் இதுதான் வம்பு. தமிழ்நாட்டு நம்பராகவே தேடு என்பேன்.

எந்த வண்டியானாலும் எம்-பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டுப் பார். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை, ஃபைனான்ஸ் பெயர் இன்னும் இருக்கிறதா, அபராதம் பாக்கி இருக்கிறதா, எல்லாம் தெரியும். எச்.பி., அதாவது அந்த ஃபைனான்ஸ் பதிவு, கேன்சல் ஆகாத வண்டிக்கு முழுப் பணம் கொடுக்காதே. ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிய கையோடு பெயர் மாற்றத்துக்குக் கொடுத்துவிடு. "மெதுவா மாத்திக்கலாம்" என்று புரோக்கர் சொல்வார். அவருக்கு என்ன, கமிஷனோடு போய்விடுவார். மாப்பிள்ளையின் லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம், 7,500 கிலோவுக்கு உட்பட்ட லோடு வண்டிக்கு கார் ஓட்டும் எல்.எம்.வி. லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

மாதக் கணக்கு போட்டுப் பார்த்தேன். தினம் அறுபது கிலோமீட்டர், இருபத்தைந்து நாள், 1,500 கிலோமீட்டர். லோடோடு லிட்டருக்குப் பன்னிரண்டு கிடைத்தால் 125 லிட்டர், டீசல் 92 ரூபாய் என்றால் 11,500. நாலு டயர் 24,000 ஆகி நாற்பதாயிரம் கிலோமீட்டர் உழைத்தால், மாதம் 900 தேய்கிறது. ஆயில், ஃபில்டருக்கு 750. இன்சூரன்ஸ் மாதத்துக்கு 2,100 ஒதுக்கு, தேர்டு பார்ட்டிக்கு மட்டுமே 2022-இல் 16,049 என்று வைத்தார்கள், வரி தனி. எஃப்.சி.க்கு 1,500. வண்டிக்கு எட்டு வயது தாண்டினால் எஃப்.சி. வருஷா வருஷம் காட்ட வேண்டும், டிங்கரிங், பெயிண்ட், ஸ்டிக்கர் என்று ஒவ்வொரு தடவையும் கை நனையும். கிளட்ச், பேட்டரி, பிரேக், பட்டைக்கு 2,500. டீசலை விட்டுவிட்டுப் பார்த்தால் 7,750 வருகிறது. கன்று விற்றாலும் விற்காவிட்டாலும் மாதம் எட்டாயிரத்தைத் தனிக் கணக்கில் போட முடியுமா என்று நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். கடன் வாங்கினால் தவணை இதற்கு மேல். பழைய வண்டிக் கடனுக்கு வட்டியும் கூடத்தான். முடியாது என்று தோன்றினால் நாலு லட்சத்துக்குள் ஒரு குட்டி யானை பார்க்கலாம், எனக்கு அதில் வெட்கம் இல்லை. வாங்கும் பணத்திலும் ஐம்பதாயிரத்தைத் தொடாமல் வை. பழைய வண்டி வந்த முதல் மாதமே ஏதாவது கேட்கும்.

ஞாயிறு அதிகாலை சேலம் வழியாக பஸ்ஸில் வந்துவிடுகிறேன். அம்மா முறுக்கும் எலுமிச்சை ஊறுகாயும் கட்டிக்கொண்டிருக்கிறாள். திங்கள் காலை ஏழு மணிக்கு டி.என். நம்பர் வண்டி இரண்டு பார்க்கிற மாதிரி ஏற்பாடு செய். முன்பணம் எதுவும் கொடுக்காதே. நாம் வருவதற்கு முன் எஞ்சினை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று அந்த ஆளிடம் இன்றைக்கே சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா