மாணவர் செய்யும் கணினி விளையாட்டுகள் வெளியாக வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியாத்தம் பகுதியில் உள்ள அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கணினி அறிவியல் கற்பித்து வருகிறேன். நிரல் எழுதாமலேயே கணினி விளையாட்டு உருவாக்க உதவும் மென்பொருள்களை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் தாமாகவே பழகிக்கொண்டு, சில விளையாட்டுகளை நன்றாகவே செய்து முடித்திருக்கிறார்கள். ஆனால், முடித்தவை அவர்களுடைய பென் டிரைவிலேயே கிடக்கின்றன. உருவாக்கும் வழியைச் சொல்லித்தர இணையத்தில் எத்தனையோ காணொளிகள் இருக்க, உருவாக்கியதை முறையாக வெளியிடத் துணைநிற்பவர் அவர்களுக்குக் கைக்கெட்டும் தொலைவில் இல்லை. அந்தக் குறையைத் தங்கள் நாளிதழ் வழியாக மாவட்ட நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுசெல்லவே இதை எழுதுகிறேன்.

நிரல் எழுத வேண்டாம் என்பதால் இது மூளைக்கு வேலையில்லாத பொழுதுபோக்கு என்று பெற்றோர் பலரும், ஆசிரியர் சிலரும்கூட எண்ணுகிறார்கள். அது சரியன்று. ஜிடெவலப் என்ற கட்டற்ற மென்பொருளில், திரையின் இடப்பக்கம் நிபந்தனையையும் வலப்பக்கம் அதற்கான செயலையும் அடுக்கிக்கொண்டே போக வேண்டும். என் மாணவி ஒருத்தி அதில் ஆடுபுலி ஆட்டத்தைச் செய்தாள். மூன்று புலி, பதினைந்து ஆடு. நடுப்புள்ளியில் ஆடு இருந்து, அதற்கு அப்பால் உள்ள புள்ளி காலியாகவும் இருந்தால் புலி தாவலாம், ஆடு வெட்டுப்படும் என்று அவள் எழுதிய விதி பார்ப்பதற்குச் சரியாகவே இருந்தது. ஓட்டிப் பார்த்தபோதோ, கோட்டால் இணையாத புள்ளிக்கும் புலி தாவியது. புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தை மட்டும் கணக்கில் கொண்டிருந்ததே காரணம். பிறகு ஒவ்வொரு புள்ளிக்கும் எந்தெந்தப் புள்ளி அண்டை, எந்தத் திசையில் தாவினால் எங்கே போய் இறங்க வேண்டும் என்று தாளில் பட்டியல் போட்டு, அதை மாறிகளில் (மதிப்புகளைச் சேமித்துவைக்கும் இடங்களில்) ஏற்றிய பின்பே ஆட்டம் ஒழுங்குக்கு வந்தது. புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராயும் கணிதமாக, கல்லூரியில் கோட்டுருவியல் என்ற பெயரில் படிப்பதன் அடிப்படையை அவள் பதினோராம் வகுப்பிலேயே கைப்பழக்கமாகப் பெற்றுவிட்டாள். தட்டச்சு செய்ய வேண்டிய நிரல்வரிகள்தாம் குறைந்தனவே தவிர, சிந்தனை குறையவில்லை.

தமிழில் விளையாட்டுச் செய்பவர்களுக்கு இன்னொரு தனிச் சிக்கலும் உண்டு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் ஆங்கிலக் காணொளிகள் எதிலும் இதற்கு விடை கிடைக்காது. நம் வட ஆர்க்காட்டுப் பாரதக் கூத்தைப் பின்னணியாக வைத்து ஒரு மாணவன் கதை விளையாட்டு ஒன்றைத் தொடங்கினான். கட்டியங்காரன் திரையில் தோன்றிப் பேச, அவன் பேச்சு எழுத்தெழுத்தாக விரிய வேண்டும் என்பது அவன் ஆசை. கணினியோ 'வந்தேன்' என்பதை வ, வந, வந், வந்த என்று உடைத்துக் காட்டியது. ஒவ்வொரு மெய்யும் முதலில் அகரம் ஏறிய எழுத்தாகத் தோன்றி, பிறகே புள்ளி பெற்றது. படிப்பவருக்குக் கண் வலிக்கும். சொல் சொல்லாக விரியும்படி மாற்றியதும் சிக்கல் தீர்ந்தது. அதேபோல், படமாகச் சேமித்த எழுத்துருக்களைப் பயன்படுத்தினால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி, 'கொ' என்ற ஓரெழுத்து துண்டுதுண்டாகச் சிதறும். ஜிடெவலப்பில் சாதாரண உரைப்பொருளைப் பயன்படுத்தினால் உலாவியே எழுத்தைச் சேர்த்துக் காட்டிவிடும் என்பதால் பிழை வராது. இவ்வளவுதான் விஷயம். ஆனால், இதைச் சொல்ல ஆளில்லாமல் தமிழைக் கைவிட்டு ஆங்கிலத்துக்குப் போய்விட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

இனி வெளியீட்டுக்கு வருகிறேன். இட்ச்.ஐஓ என்ற தளத்தில் வெளியிடக் கட்டணம் இல்லை. விளையாட்டை இணையப் பதிப்பாக ஏற்றுமதி செய்து, ஜிப் கோப்பாகச் சுருக்கிப் பதிவேற்றி, உலாவியில் ஓடும் வகை என்று குறித்தால் போதும். தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதையே. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்ற தளத்தில் ஒரு விளையாட்டுக்கு 100 டாலர் கட்ட வேண்டும். விற்பனை 1,000 டாலரைத் தாண்டினால்தான் அது திரும்பக் கிடைக்கும். கூலி வேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளைக்கு அது எட்டாத தொகை.

ஆனால், நம் ஊரில் விளையாட்டு என்றால் கைபேசிதான். கூகுள் பிளேயில் ஒரே முறை 25 டாலர் கட்டினால் போதும் என்றாலும், கணக்குத் தொடங்க 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 2023 நவம்பர் 13-க்குப் பின் தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையாளர்களாக இணைந்திருந்த பின்னரே வெளியிட விண்ணப்பிக்க முடியும். முதலில் 20 பேர் என்றிருந்ததை 2024 இறுதியில் 12 ஆகக் குறைத்தார்கள். நகரத்து இளைஞருக்கு 12 நண்பர்கள் பெரிய காரியமில்லை. சொந்தமாக ஆண்ட்ராய்டு கைபேசியும் கூகுள் கணக்கும் வைத்திருந்து, இரண்டு வாரம் விலகாமல் இருக்கக்கூடிய 12 பேரைத் திரட்டுவது கிராமத்துப் பிள்ளைக்கு மலையைப் புரட்டும் வேலை. எங்கள் பிள்ளைகளின் உழைப்பு பெரும்பாலும் இந்தப் படியில்தான் நின்றுபோகிறது.

பெற்றோரின் அச்சத்தையும் நான் குறைத்துப் பேசவில்லை. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளால் குடும்பங்கள் அழிந்ததை நாம் கண்டிருக்கிறோம்; 2022-ல் தமிழக அரசும் 2025-ல் நாடாளுமன்றமும் அவற்றுக்கு எதிராகச் சட்டம் இயற்றின. பிள்ளைகள் செய்யும் ஆடுபுலிக்கும் அவற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியர்கள் எடுத்துச் சொல்வது நல்லது.

இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இரண்டு சான்றுகள் காட்டலாம். 2011-ல் வெளிவந்து உலகெங்கும் பாராட்டப்பட்ட 'டு த மூன்' என்ற விளையாட்டு, ஆர்பிஜி மேக்கர் என்ற இத்தகைய எளிய கருவியில் உருவானது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையலறையைக் களமாகக் கொண்ட 'வெண்பா' 2023-ல் வெளிவந்து, மறு ஆண்டு சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா என்ற பிரிட்டிஷ் விருதைப் பெற்றது. பின்னது நிரல் எழுதி உருவாக்கப்பட்டதே. ஆயினும் நம் வீட்டு இட்லியும் நம் பேச்சும் உலக அரங்கில் விளையாட்டாக ஏற்கப்படும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் திட்டம் அன்று. வேலூர் மாவட்ட மைய நூலகத்திலும், முடிந்தால் வட்டத் தலைநகர்களின் நூலகங்களிலும், மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகலை இதற்கு ஒதுக்கலாம். பாகாயத்திலுள்ள தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரி, ஓட்டேரியிலுள்ள முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி, காட்பாடியிலுள்ள விஐடி ஆகியவற்றின் மாணவர்கள் அங்கு வந்து சோதனையாளர்களாகப் பெயர் கொடுத்தால், பன்னிரண்டு பேர் என்ற தடை ஒரே நாளில் நீங்கிவிடும். திரைப்படப் பாடலையும் நடிகரின் படத்தையும் அனுமதியின்றிச் சேர்க்கக் கூடாது என்பதையும், உரிமக் கட்டுப்பாடில்லாத ஓவியங்களும் ஒலிகளும் எங்கே கிடைக்கும் என்பதையும் அங்கேயே சொல்லித்தரலாம். பிள்ளைகள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். போட்டி நடத்திச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடும் வழக்கமான ஏற்பாடாக மட்டும் இதை ஆக்கிவிட வேண்டாம். வரும் பிள்ளை ஒவ்வொருவரின் விளையாட்டும் வெளியாகும்வரை கூட இருப்பவர்களே தேவை.

தங்கள் நாளிதழின் வேலூர்ப் பதிப்பிலும், மாவட்டத்து மாணவர்கள் புதிதாக வெளியிடும் விளையாட்டுகளின் பெயரையும் அவை கிடைக்கும் இடத்தையும் மாதம் ஒருமுறை ஒரு சிறு பத்தியாக வெளியிட வேண்டுகிறேன். மாணவர்களின் ஒப்புதலோடு அந்த விவரங்களைத் தொகுத்து அனுப்பும் பொறுப்பை நானே ஏற்றுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
கணினி ஆசிரியர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.