கடலைக்காட்டிலிருந்து ஓடி வந்தவர்களுக்கு

அன்புள்ள அம்மாக்களுக்கும் அண்ணன்களுக்கும் வணக்கம்.

போன மாதம் ஓடுபாதைக்குப் பக்கத்தில் குப்புறக் கவிழ்ந்த சின்ன விமானத்துக்குள் தலைகீழாகத் தொங்கிய, விமானம் ஓட்டப் பழகும் பெண் நான்தான். வலது காரை எலும்பு முறிந்திருக்கிறது, நெற்றியில் 7 தையல். மற்றபடி நன்றாக இருக்கிறேன்.

நன்றிக்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். "காத்து தள்ளிருச்சு", "பழைய வண்டி, இன்ஜின் நின்னுபோச்சு" என்றெல்லாம் ஊரில் பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். அன்று காற்றே இல்லை. இன்ஜினிலும் குறை இல்லை. தப்பு முழுக்க என்னுடையது. நான் ஓட்டிய செஸ்னா 172 விமானத்தை இறக்கும்போது கடைசியில் 65 நாட் (மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர்) வேகத்துக்குக் கொண்டுவரச் சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள். தனியாகப் பறந்த நான் 78-ல் வந்தேன். அந்த வேகத்தில் விமானம் தரையில் உட்காராது, மிதந்துகொண்டே போகும். முழு விசை கொடுத்து மேலே ஏறி இன்னொரு சுற்று வந்திருக்க வேண்டும். நான் விமானத்தின் மூக்கைக் கீழே அமுக்கினேன். முன்சக்கரம் முதலில் மோதி விமானம் துள்ளியது. பயத்தில் மறுபடி அமுக்க, இன்னும் உயரமாகத் துள்ளியது. மூன்றாவது மோதலில் முன்சக்கரம் முறிந்து, ப்ரொப்பல்லர் தரையில் அடித்து, புல்லுக்குள் போய்க் கவிழ்ந்தது.

அதனால் முதல் நன்றி பராமரிப்புப் பிரிவு அண்ணனுக்கு. முதல் இரண்டு நாள் எல்லாரும் உங்களைத்தான் கேள்வி கேட்டார்களாம். காலையில் ஆயில் அளவு முதல் டயர் வரை பார்த்துப் பார்த்து என்னிடம் கொடுத்த விமானம் அது. அப்படியும் மருத்துவமனைக்கு இளநீரோடு வந்தீர்கள், ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. நடந்ததை நடந்தபடி விசாரணையில் எழுதிக் கொடுத்துவிட்டேன், அண்ணே.

அப்புறம், கடலை பிடுங்கிக்கொண்டிருந்த நீங்கள் எல்லாரும். செஸ்னாவுக்கு இரண்டு டேங்க்கும் இறக்கைக்குள் இருக்கின்றன. கவிழ்ந்ததுமே பெட்ரோல் சொட்ட ஆரம்பித்தது. அந்த வாடை உங்களுக்கும் அடித்திருக்கும். அடித்தும் ஒருவர்கூட வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கவில்லை. நான் பதறிப்போய் பெல்ட்டைக் கழற்றப் பார்த்தபோது, "அவுக்காத தாயி, கழுத்து மடங்கிரும், நாங்க தாங்கிக்கிறோம்" என்று ஒரு பாட்டி என் தோளுக்கு அடியில் தன் தோளைக் கொடுத்தார். எத்தனை நேரம் அப்படியே என்னைச் சுமந்தாரோ தெரியாது. அவர் மூச்சு வாங்கியது மட்டும் என் காதுக்குள் இன்னும் கேட்கிறது. பீடியோடு வந்தவரைத் தூரத்திலேயே மறித்து நிறுத்திய பையன்களே, நீங்கள் செய்தது சின்ன காரியம் இல்லை.

தீயணைப்பு வண்டியில் வந்த அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "மாஸ்டர் சுவிட்சை அணைச்சியாம்மா?" நான் அணைக்கவில்லை. விமானத்தின் மின்சாரத்தை நிறுத்தும் அந்தச் சுவிட்சை அவர்தான் உடைந்த ஜன்னல் வழியாகக் கையை விட்டு அணைத்தார். ஒரு சின்னப் பொறி போதும், இந்த மடலை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

108 ஓட்டுநருக்கும், வழி முழுக்க என் பெயரைக் கேட்டுக்கேட்டு என்னைத் தூங்கவிடாமல் வைத்திருந்த அக்காவுக்கும் நன்றி. என் பயிற்றுநர் அய்யாவிடம் நேரில் பேசிவிட்டேன்.

பாட்டி, என் நெற்றியில் கட்டிவிட்ட உங்கள் சிவப்புத் துண்டு என்னிடம்தான் இருக்கிறது. அம்மா துவைத்து மடித்து வைத்திருக்கிறார். தோள்கட்டை அவிழ்த்ததும் நானே காட்டுக்குக் கொண்டுவந்து தருகிறேன்.