பாப்பா, உன் விரலுக்கு ஏத்த பக்கி

தண்டையார்பேட்டை

அன்புள்ள பாப்பாவுக்கு,

ரிமோட்ல ஓட்டுற மண் பந்தயக் கார், அதான் பக்கி, நிஜக் காருல பத்துல ஒரு பங்கு அளவுல (1/10) பின் வீல் மட்டும் இழுக்கிற டூ வீல் டிரைவா வாங்கலாமா, இல்ல நேரா எட்டுல ஒரு பங்கு (1/8) எலெக்ட்ரிக்குக்கே போயிடலாமான்னு கேட்டிருந்த. பதிலை முதல்லயே சொல்லிடுறேன். இப்போதைக்கு ரெண்டுமே உனக்கு வேணாம். 1/10 ஃபோர் வீல் டிரைவ், மோட்டார் சக்தியைத் தண்டால (ஷாஃப்ட்) வீலுக்குக் கடத்துறது, எலெக்ட்ரானிக்ஸ் இல்லாம நாமே பூட்டுற கிட்டா வாங்கு. ஏன்னு விவரமா எழுதுறேன், படிச்சுப் பாரு. ஒத்து வரலைன்னா மறுத்து எழுது.

வாங்கப் போறவங்க எல்லாரும் எது வேகமா ஓடும்னுதான் முதல்ல கேட்பாங்க. அந்தக் கேள்வியால பெருசா பிரயோஜனம் கிடையாது. 17.5 டர்ன் மோட்டார் (டர்ன்னா உள்ள கம்பிச் சுத்து, எண் ஏற ஏற வேகம் குறையும்) போட்ட சாதாரண பக்கியே ஒரு சின்ன தடத்துக்குத் தாராளமா போதும். நேரம் போறது வளைவுலதான். அங்க என்ன நடக்கும்னு உன் ரெண்டு கையும் தீர்மானிக்குது. எத்தனை வீல் இழுக்கணும்னு ரிமோட்ல ட்ரிகரை (வேக விசை) இழுக்கிற விரலைப் பார்த்துத் தெரிஞ்சுக்கலாம். மோட்டார் எங்க உக்காரணும்னு ஸ்டியரிங் திருப்புற கையைப் பார்த்துத் தெரிஞ்சுக்கலாம். அளவை மண்ணு சொல்லும்.

உன் கையை நீயே பார்த்துக்க ஒரு வழி இருக்கு. சமதளமான மண்தரையில பன்னெண்டு மீட்டர் இடைவெளியில ரெண்டு செங்கல் வை. யாரோட காரா இருந்தாலும் சரி, வாங்கி அதைச் சுத்தி எட்டு போட்டு ஓட்டு. பக்கத்துல இருக்கிறவங்களை உன் கையை மட்டும் வீடியோ எடுக்கச் சொல்லு, காரை எடுக்க வேணாம். அப்புறம் சத்தத்தோட போட்டுப் பாரு. வளைவுக்குள்ள மோட்டார் சத்தம் ஒரே இழுவையா ஏறி இறங்குதா, இல்ல விட்டு விட்டு வெட்டுதா? ஸ்டியரிங்கை ஒரு தடவை திருப்பி அப்படியே பிடிக்கிறியா, இல்ல நடுவுல ரெண்டு மூணு தடவை திருத்துறியா? பிரேக்கைக் கார் நேரா இருக்கும்போது முடிச்சுடுறியா, இல்ல திரும்பிக்கிட்டே பிடிக்கிறியா? இந்த மூணுக்கும் விடை தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது.

நீ ஓட்டுறதைப் பார்த்தவன்ங்கிற முறையில சொல்றேன். வளைவுக்கு ரொம்பக் கிட்ட வந்துதான் பிரேக் பிடிப்ப. சட்டுனு திருப்புவ. மூக்கு திரும்பின அடுத்த நொடி ட்ரிகரை முழுசா இழுப்ப. இது தப்பான ஓட்டம் கிடையாது. நிறுத்தி, திருப்பி, பாயுற இந்த ஓட்டத்துக்குன்னே பொருத்தமான வண்டி இருக்கு. பொருந்தாத வண்டியில ஓட்டினாதான் பேஜாரு.

டூ வீல் டிரைவ்ல பிரேக் பின் வீல்ல மட்டும்தான். எடை முன்னால சாயும்போது பின் டயர் மண்ணைப் பிடிக்காது, அந்த நேரத்துலதான் நீ பிரேக்கை அழுத்துவ. பின் பக்கம் பூட்டிக்கிட்டு வண்டி சுத்திடும். வெளியே வரும்போதும் அதே கதை, முழு ட்ரிகர் இழுத்தா பின் வீல் வெறுமனே சுத்தும். வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சு, பெரிய வட்டமா உருட்டிக்கிட்டு வந்து, ட்ரிகரைக் கொஞ்சம் கொஞ்சமா இழுக்கிறவங்களுக்கு டூ வீல் டிரைவ் அருமையான வண்டி. நம்ம பக்கம் நல்லா கேரம் ஆடுறவங்க ஸ்ட்ரைக்கரைக் காய் பாக்கெட்டுல விழுற அளவுக்கு மட்டும் தட்டுவாங்க பாரு, அந்த விரல் வேணும். அது பழக்கத்துல வரும், நீயும் ஒருநாள் அதுக்கு வரணும்னு எனக்கு ஆசைதான். ஆனா பந்தயத்துல இறங்கப் போற முதல் வண்டி, இருக்கிற கைக்குப் பொருந்தினாதான் நீ தொடர்ந்து ஓட்டுவ.

நீ பார்த்து வெச்சிருக்கிற டூ வீல் கிட் மிட் மோட்டார், அதாவது மோட்டார் பின் அச்சுக்கு முன்னால இருக்கு. 1984ல வந்த டீம் அசோசியேட்டட் ஆர்சி10 காலத்துல இருந்து ரொம்ப வருஷம் பந்தய டூ வீல் பக்கின்னா மோட்டார் பெரும்பாலும் பின் அச்சுக்குப் பின்னாலதான். 2011 வாக்குல வந்த டிஎல்ஆர் 22ங்கிற பக்கியை ரெண்டு விதமாவும் கட்டலாம். அதுக்கப்புறம் மெல்ல மெல்ல எல்லாரும் மிட் மோட்டாருக்கு மாறிட்டாங்க, ஏன்னா வெளிநாட்டுல நிறைய தடம் கார்ப்பெட், செயற்கைப் புல், இல்ல தண்ணி தெளிச்சு இறுக்கின களிமண். பிடிப்பு தாராளமா இருக்கிற இடத்துல மிட் மோட்டார் பட்டுனு திரும்பும், ஜம்ப்ல மூக்கு தூக்காம சமமா பறக்கும். நம்ம ஊரு காஞ்ச புழுதியில அதே வண்டி பின் பிடிப்பு இல்லாம அலையும். பின்னால பித்தளை எடை வெச்சுக் கொஞ்சம் சரி பண்ணலாம், முழுசா சரியாகாது. பின்னால மோட்டார் இருந்தா எடை பின் டயரை மண்ணுல அழுத்தும், புழுதியிலயும் இழுக்கும். ஆனா ஒருதடவை பின் பக்கம் வழுக்க ஆரம்பிச்சா அந்த எடையே வண்டியை இன்னும் தள்ளிக்கிட்டுப் போகும். வளைவு நடுவுல ட்ரிகரைச் சட்டுனு விடுறவங்களுக்கு அது ஆகாது. அதனால உன் கைக்கு ரெண்டு வகையும் சிரமம்தான்.

ஃபோர் வீல் டிரைவ் ஏன்னா, நாலு வீலும் பிரேக் பிடிக்கும். கடைசி நேரத்துல பிடிச்சாலும் வண்டி நேரா நிக்கும். வெளியே வரும்போது முன் வீல் நீ காட்டுற பக்கம் இழுத்துக்கிட்டுப் போகும். உன் ஓட்டத்துக்கு ரெண்டுமே தேவை. இதுல பெல்ட், ஷாஃப்ட்னு ரெண்டு வகை. பெல்ட் மிருதுவா ஓடும். ஆனா பொடிக்கல்லு உள்ள போச்சுன்னா பல்லு தாண்டும், பெல்ட் அறுந்துடும். மண்ணுல ஓட்ட ஷாஃப்ட்டே போதும், மூடின கியர் பாக்ஸ்ல புழுதி கம்மியா போகும்.

நடுவுல ஸ்லிப்பர் (அதிர்ச்சி வந்தா கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கிற கிளட்ச்) இருக்கா, சென்டர் டிஃப் (முன் வீலும் பின் வீலும் வேற வேற வேகத்துல சுத்த விடுற கியர்) இருக்கான்னு பாரு. ரெண்டும் மாத்திப் போடுற மாதிரி வர்ற கிட்டா இருந்தா இன்னும் நல்லது. ஸ்லிப்பர் முன் பின் ரெண்டையும் ஒண்ணாவே இழுக்கும், பாய்ச்சல் அதிகம். சென்டர் டிஃப்ல நீ திடீர்னு இழுக்கும்போது எடை குறைஞ்ச முன் பக்கத்துக்குக் கொஞ்சம் சக்தி கழண்டு போயிடும், வண்டி சாந்தமா கிளம்பும். புழுதியில உன் விரலுக்கு சென்டர் டிஃப்தான். கையேட்டுல போட்டிருக்கிற டிஃப் ஆயில்ல ஆரம்பி. வண்டி இன்னும் முரண்டு பிடிச்சா ஒரு படி மெலிசா ஊத்து. ரொம்ப மெலிசாக்கினா முன் வீல் சும்மா சுத்தி டயர் பெருத்துக்கும், வேகம் வராது. அப்போ பழையபடி ஏத்து.

ஸ்லிப்பரோட ஓட்டினா, நின்ன இடத்துல இருந்து முழு ட்ரிகர் இழுக்கும்போது அரை மீட்டர் அளவுக்கு வழுக்குற சத்தம் கேட்கணும். அதுக்கு மேல வழுக்கினா ஸ்லிப்பர் பேட் கருகி ஸ்பர் கியர் (மோட்டார் திருப்புற பெரிய பல்சக்கரம்) உருகும். சுத்தமா வழுக்கலைன்னா ஜம்ப்ல இறங்கும்போது ஸ்பர் பல்லு போயிடும். ஜம்ப்ல இன்னொண்ணு: காத்துல ட்ரிகர் இழுத்தா மூக்கு தூக்கும், பிரேக் தட்டினா மூக்கு இறங்கும். ஃபோர் வீல்ல இது இன்னும் பலமா தெரியும். ஆனா சக்கரம் முழு வேகத்துல சுத்திக்கிட்டு இருக்கும்போது தரையில இறங்கினா டிரைவ் ஷாஃப்ட்டுல இருக்கிற ஊசி வளையும், அதனால தொடுறதுக்கு முன்னாடி விரலைத் தளர்த்து.

1/8ஐப் பத்தி. குண்டும் குழியுமான தரையில அதுக்கு நிகர் இல்ல. எடை மூணு கிலோவுக்கு மேல, பெரிய டயர், மூணு டிஃப். 1/10 தத்தித் தத்திப் போற இடத்துல அது அமைதியா உருளும், உன் மாதிரி விரலையும் மன்னிச்சுடும். அதை வேணாம்னு நான் சொல்றதுக்கு முதல் காரணம் பணம் இல்ல. லீவுக்கு வந்தா நீ ஓட்டப் போறது நம்ம பக்கத்து மைதானத்துலதான். சாயங்காலம் ஒரு பக்கம் ஃபுட்பால், இன்னொரு பக்கம் கிரிக்கெட், நடுவுல சின்னப் பிள்ளைங்க ரிமோட் காரைப் பார்த்ததும் ஓடி வரும். மூணு கிலோ வண்டி மணிக்கு 50 கிலோமீட்டர்ல ஒரு பிள்ளையோட கணுக்கால்ல பட்டா எலும்பு உடையும். சிக்னல் போனா தானா பிரேக் பிடிக்கிற மாதிரி ரிசீவர்ல ஃபெயில் சேஃப் செட் பண்ணினாலும், வேலி போட்ட தடம் இல்லாத இடத்துல 1/8ஐ இறக்க நான் சம்மதிக்க மாட்டேன். ஒன்றரை கிலோ சொச்சம் இருக்கிற 1/10ஐ விடிகாலையில ஆள் வர்றதுக்கு முன்னாடி ஓட்டலாம். செலவுன்னு பார்த்தாலும் 1/8க்கு 4எஸ் (நாலு செல்) பேட்டரி, பெரிய சார்ஜர், சீக்கிரம் தேயுற பெரிய டயர் எல்லாம் வேணும்.

கிட்டோட சேர்த்து வாங்க வேண்டியது: சென்சார் வெச்ச 13.5 டர்ன் பிரஷ்லெஸ் மோட்டார், அதுக்கேத்த ஸ்பீடு கன்ட்ரோலர், 2எஸ் ஷார்ட்டி லைப்போ (ரெண்டு செல், நீளம் குறைஞ்ச லித்தியம் பேட்டரி) ரெண்டு, மெட்டல் கியர் சர்வோ (ஸ்டியரிங்கைத் திருப்புற குட்டி மோட்டார்). சர்வோவோட திருப்பு விசை 10 கிலோவுக்கு (கிலோ-செ.மீ) குறையாம, 60 டிகிரி திரும்ப 0.10 நொடி எடுக்கிற வேகத்துல இருக்கட்டும். இங்கதான் நிறைய பேர் மாட்டுவாங்க. சர்வோ தண்டுல பல் எண்ணிக்கை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஃபுட்டாபா 25, சான்வா 23. கிட்ல வர்ற ஹார்ன் (தண்டுல மாட்டுற கை) பொருந்துதான்னு பார்த்து வாங்கு. அதே மாதிரி பினியனும் (மோட்டார் தண்டுல இருக்கிற சின்னப் பல்சக்கரம்) ஸ்பரும் ஒரே பிட்ச்ல (பல் அளவு) இருக்கணும், 1/10ல பெரும்பாலும் 48. ரெண்டுக்கும் நடுவுல ஒரு தாள் துண்டு வெச்சு அழுத்தி மோட்டாரை முடுக்கு. தாளை எடுத்தா சரியான இடைவெளி கிடைக்கும்.

சென்னை வெயிலுக்கு ரெண்டு மாத்தம் கட்டாயம். கையேட்டுல போட்டிருக்கிற கியர் கணக்கு குளிர்ந்த ஊருல ஓட்டுறவங்க போட்டது. இங்க மே மாசம் நிழல்லயே 38, 40 டிகிரி. மோட்டார் வெளிப்பக்கம் 75 டிகிரியைத் தாண்டவே கூடாது, அதனால பினியன்ல ரெண்டு பல்லு குறைச்சு ஆரம்பி. அஞ்சு நிமிஷம் ஓட்டி வெப்பமானி வெச்சுப் பார்த்து, இடம் இருந்தா ஒவ்வொரு பல்லா ஏத்து. ஷாக் ஆயிலும் வெயில்ல தண்ணியா ஆயிடும். வழக்கமா 350 சிஎஸ்டி (ஆயில் எவ்வளவு கெட்டின்னு சொல்ற அளவு) ஊத்துற இடத்துல 400 ஊத்து. பாட்டில்ல டபிள்யூடின்னு போட்டிருக்கிற நம்பரைப் பார்த்து வாங்காத, அது ஒவ்வொரு கம்பெனிக்கு ஒவ்வொரு மாதிரி. முன் டிஃப்ல 5000, பின் டிஃப்ல 3000 சிஎஸ்டி. தரை உயரம் 24 மில்லிமீட்டர், கேம்பர் (வீல் சாய்வு) மைனஸ் 1 டிகிரி, பின் டோ (பின் வீல் உள்பக்கம் திரும்பியிருக்கிற அளவு) 3 டிகிரி. புழுதிக்கு இதுல ஆரம்பிச்சா பெருசா தப்பாது.

ரிமோட்ல பிரேக் அளவை 70 சதவீதத்துக்குக் குறை. நீ முழுசா அழுத்தினாலும் வீல் பூட்டாது. ஸ்பீடு கன்ட்ரோலர்ல பஞ்ச் அளவை (கிளம்புற உதைப்பு) நடுவுக்குக் கீழ வை. ஸ்டியரிங்ல எக்ஸ்போ (நடுவுல திருப்புறதை மட்டும் மிருதுவாக்குற செட்டிங்) கொஞ்சம் போடு, அப்போ நீ சட்டுனு திருத்துறது வண்டிக்கு அவ்வளவா போகாது.

கடற்கரை மணல்ல மட்டும் எக்காரணம் கொண்டும் ஓட்டாத. காசிமேடோ திருவொற்றியூரோ, எங்கேயும் வேணாம். உப்பும் மணலும் சேர்ந்து ஒரே நாள்ல பேரிங்கை அரைச்சுடும். கடலுக்கு இவ்வளவு கிட்ட இருக்கிறதால சும்மா அலமாரியில வெச்சாலே ஸ்க்ரூ துரு பிடிக்கும். ஓட்டி முடிச்சதும் பெயிண்ட் பிரஷ்ல புழுதியைத் தட்டிட்டு, பேரிங்குக்கு ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விடு. தண்ணி ஊத்திக் கழுவாத. பஞ்சர் கடையில காத்து அடிக்கிறதா இருந்தா பேரிங்கை நேரா பார்த்து அடிக்காத, தூசி சீலைத் தாண்டி உள்ள போயிடும்.

பேட்டரியை ஒரு செல்லுக்கு 3.2 வோல்ட்டுக்குக் கீழ இறக்காத. 5000 எம்ஏஎச் பேட்டரின்னா 5 ஆம்ப்லயே சார்ஜ் போடு, சூடு ஆறினப்புறம். ஊருக்கு வரும்போது செல்லுக்கு 3.8ல வெச்சு, முனை ரெண்டையும் டேப் சுத்தி எடுத்துட்டு வா. வெயில்ல நிக்கிற காருக்குள்ள விட்டுட்டுப் போகாத.

கிட்டைத் தேர்ந்தெடுக்கும்போது பெட்டிப் படத்தை விட உதிரிப் பட்டியலைப் பாரு. முதல் மாசத்துல உடையுறது பெரும்பாலும் முன் பக்கம்தான்: முன் ஆர்ம் (வீலைத் தாங்குற கை), ஸ்டியரிங் நக்கிள் (முன் வீல் திரும்புற மூட்டு), ஹிஞ்ச் பின் (ஆர்மைக் கோத்திருக்கிற ஊசி), முன் ஷாக் டவர் (ஷாக் மேல மாட்டுற தகடு). முன் ஆர்ம் ரெண்டு ஜோடி, பின் ஆர்ம் ஒரு ஜோடி, ஸ்பர் ரெண்டு, பால் கப் (உருண்டை மூட்டு மாட்டுற குட்டி பிளாஸ்டிக் கிண்ணம்) ஒரு பாக்கெட் கிட்டோடவே வாங்கிடு. தனித்தனியா வரவழைச்சா தபால் செலவு பொருள் விலையைத் தாண்டிடும், வர்றதுக்குள்ள சீசனே முடிஞ்சுடும். எம்3 ஸ்க்ரூவும் எம்4 லாக் நட்டும் பிராட்வே பக்கம் ஹார்டுவேர் கடையில கிடைக்கும், சால்டரிங், கனெக்டர் எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்ல. அதையெல்லாம் நான் வாங்கி வைக்கிறேன். 1.5, 2, 2.5 ஆலன் டிரைவரும், வீல் நட்டுக்கு 7 மில்லிமீட்டரும் மட்டும் நல்ல தரத்துல நீயே வாங்கு. மட்டமான ஆலன் டிரைவர் ஸ்க்ரூ தலையை வழிச்சுடும், அப்புறம் துளை போட்டுத்தான் எடுக்கணும்.

பழைய வண்டி யாராவது தர்றேன்னு சொன்னா, டிஃப் அவுட்டிரைவ்ல (டிரைவ் ஷாஃப்ட் மாட்டுற கிண்ணம்) பள்ளம் விழுந்திருக்கான்னு பாரு, ஷாக் தண்டு வளைஞ்சிருக்கான்னு கண்ணாடி மேல உருட்டிப் பாரு. அந்த மாடலுக்கு முன் ஆர்ம் இப்பவும் விக்கிறாங்களான்னு தேடு. ஆர்ம் கிடைக்கலைன்னா கம்முனு விட்டுடு, எவ்வளவு மலிவா இருந்தாலும்.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி நீ பார்த்த கிட்டோட பேரையும், அந்த எட்டு போட்ட வீடியோவையும் அனுப்பு. அங்க தடத்துல மண்ணு எப்படின்னும் ஒரு வரி எழுது, டயர் முள்ளோட அளவை அதைப் பார்த்துச் சொல்றேன்.

அப்பா