ஸ்பால்டிங் வழிவந்தவர்களுக்கு: அந்தப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள்

ஹென்றி ஸ்பால்டிங், எலைசா ஸ்பால்டிங் வழிவந்த எல்லோருக்கும், அவர்கள் காலத்தில் அமெரிக்காவின் வடமேற்கில் இருக்கும் ஆரிகன் நாட்டுக்குப் போன மற்ற மிஷனரிக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும்,

வணக்கம். நான் உங்களுக்கு உறவு இல்லை, உங்கள் நாட்டுக்காரனும் இல்லை. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் குடும்பத்துக்குச் சொந்த ஊர். பிறகு எதற்கு இவ்வளவு தூரத்திலிருந்து எழுதுகிறான் என்று கேட்பீர்கள். உங்கள் ஓட்டன் ஹென்றியையும் எலைசாவையும் 1836இல் ராக்கி மலைக்கு அந்தப்புறம் அனுப்பிய அதே அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் சங்கம்தான், அதற்கு 20 வருடம் முன்பே எங்கள் ஊருக்கும் ஆள் அனுப்பியது. என் பூட்டியின் அம்மா உடுவில் விடுதிப் பள்ளியில் படித்தவர். அந்தக் காலத்தில் மிஷன் விடுதிகளில் ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் அமெரிக்காவில் யார் பணம் கட்டுகிறார்களோ, அவர்கள் சொல்லும் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது வழக்கம். அப்படி அவருக்கும் ஒரு ஆங்கிலப் பெயர் விழுந்தது. அந்தப் பெயர் எங்கள் வீட்டுப் பைபிளின் முதல் பக்கத்தில் இன்றும் இருக்கிறது. அதற்கு உரியவர் யார், எந்த ஊர், இந்தப் பிள்ளையைப் பற்றி அவருக்கு யாராவது கடிதம் போட்டார்களா, ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. அமெரிக்காவில் ஏதாவது ஒரு வீட்டுப் பரணில் அந்தக் கடிதம் கிடக்கும் என்று அம்மம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அதனால்தான் மிஷனரிக் குடும்ப வரலாறு எது கண்ணில் பட்டாலும் விடாமல் படித்துவிடுவேன். படித்தவரையில் எனக்கு ஒரு பெரிய மனக்குறை உண்டு. பிறந்த தேதி, கல்யாணத் தேதி, மலை தாண்டிய தேதி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், யார் எங்கே பண்ணை வாங்கினார்கள், எல்லாம் துல்லியமாக இருக்கும். அவர் யாருக்குப் போதிக்கப் போனாரோ அந்த மக்கள் மட்டும் 'செவ்விந்தியர்கள்' என்ற ஒரே சொல்லில், பெயரில்லாத கூட்டமாக நிற்பார்கள். ஸ்பால்டிங் விஷயத்தில் இது இன்னும் பெரிய அநியாயம். ஏனென்றால் அந்த மக்கள் கைவிட்டிருந்தால் உங்கள் வம்சமே 1847ஆம் ஆண்டோடு முடிந்திருக்கும்.

ஹென்றி நல்லவரா கெட்டவரா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. 1803இல் நியூயார்க் மாநிலத்தில், கல்யாணமாகாத ஒரு தாய்க்குப் பிறந்து, 14 மாதக் குழந்தையாக வேறொரு குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்டு, பதின்ம வயதில் அந்த வீட்டிலிருந்தும் அடித்து விரட்டப்பட்டவர் அவர். இதை மறைக்காமல் எழுதுங்கள் என்றுதான் சொல்வேன், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்றைய ஐடஹோ மாநிலத்தில், தன் மிஷன் இருந்த லாப்வாய் ஓடையோரம் அவர் தோட்டம் போட்டார், மாவு ஆலை கட்டினார், ஹவாய் மிஷனிலிருந்து வந்த அச்சு இயந்திரத்தில் 1839இல் எட்டுப் பக்க ஆரம்பப் பாடநூல் ஒன்றை அச்சடித்தார். அந்த வடமேற்குப் பகுதி முழுவதிலும் அச்சான முதல் புத்தகம் அதுதான், அது ஆங்கிலத்தில் இல்லை, அந்த இடத்துப் பழங்குடிகளான நெஸ் பெர்ஸ் மக்களின் மொழியில் இருந்தது. அவர்கள் தங்களை நிமீபூ என்று சொல்லிக்கொள்வார்கள். அதே மனிதர்தான் சொன்ன பேச்சுக் கேட்காத நிமீபூக்களைச் சவுக்கால் அடிக்கவும் வைத்தார். கூட இருந்த மிஷனரிகளே அவருடைய முன்கோபம் தாங்காமல் போர்டுக்குப் புகார் மேல் புகாராக எழுதி, 1842இல் அவரைத் திரும்ப அழைத்துக்கொள்வதென்று போர்டு முடிவே எடுத்துவிட்டது. பாடநூலையும் சவுக்கையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். ஒன்றை எழுதி ஒன்றை விட்டால் நீங்கள் எழுதுவது வேறு யாரோ ஒருவரின் கதை.

எலைசாவைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்லத் தோன்றுகிறது. அவரும், கூடப் போன மிஷனரி விட்மனின் மனைவி நார்சிசாவும்தான் தரைவழியாக ராக்கி மலையைத் தாண்டிய முதல் வெள்ளைக்காரப் பெண்கள், இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். ஆனால் லாப்வாயில் அவர் செய்த வேலைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. மொழி தெரியாத இடத்தில் படம் வரைந்து வரைந்து பாடம் நடத்தினார். ஆறடி நீளத்தில் அவர் வரைந்த பைபிள் கதைப் படச்சுருள் ஒன்று இன்றும் ஆரிகன் வரலாற்றுச் சங்கத்தில் இருக்கிறது. நூல் நூற்கவும் நெய்யவும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார், அவர்களிடமிருந்து மொழியைக் கற்றுக்கொண்டார். அவருடைய மூத்த மகள், அவள் பெயரும் எலைசாதான், 1837 நவம்பரில் லாப்வாயிலேயே பிறந்து, நிமீபூப் பிள்ளைகளோடு விளையாடி, அந்த மொழியை அவர்களைப் போலவே பேசி வளர்ந்தாள். பத்து வயதில் அவள் உயிரைக் காத்ததில் அந்த மொழிக்கும் பங்கு உண்டு.

1847 நவம்பர் 29 உங்களுக்கு நன்றாகத் தெரிந்த தேதி. வயிலட்புவில் இருந்த விட்மன் மிஷனுக்கு அவளைப் படிக்க அனுப்பியிருந்தார்கள். அந்த வருடம் தட்டம்மை வந்து அந்த இடத்துப் பழங்குடிகளான கயூஸ் மக்கள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். விட்மன் டாக்டர்; அவர் மருந்து கொடுத்த வெள்ளைக்காரப் பிள்ளைகளில் பெரும்பாலோர் பிழைக்க, தங்கள் பிள்ளைகள் மட்டும் ஒவ்வொன்றாகக் கண்மூடுவதைப் பார்த்தவர்களுக்கு அவர் விஷம் வைக்கிறார் என்ற சந்தேகம் வந்துவிட்டது. விட்மனும் நார்சிசாவும் சேர்த்து 13 பேர் கொல்லப்பட்டார்கள், மிஷனில் இருந்த மற்றவர்கள் கயூஸ்களிடம் சிறைப்பட்டார்கள். சிறைப்பட்டவர்களுக்கும் கயூஸ்களுக்கும் நடுவில் ஒரு மாதம் பேச்சை மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவள் பத்து வயது எலைசா. கயூஸ்கள் அப்போது பெரும்பாலும் நெஸ் பெர்ஸ் மொழிதான் பேசிவந்தார்கள். அவளை வீட்டுக்குக் கூட்டிவர லாப்வாயிலிருந்து திமோத்தி என்ற நிமீபூ கிளம்பிப் போனார், கயூஸ்கள் விடவில்லை. கடைசியில் ஹட்சன் பே கம்பெனி என்ற பிரிட்டிஷ் வணிக நிறுவனத்தின் பீட்டர் ஸ்கீன் ஆக்டன் போர்வை, சட்டை, துப்பாக்கி, புகையிலை என்று கொடுத்து எல்லோரையும் மீட்டார். லாப்வாயில் கைக்குழந்தைகளோடு தனியாக இருந்த தாய் எலைசாவுக்குக் காவல் நின்றவர்களும், வயிலட்புப் பக்கத்திலிருந்து ஆறு நாள் நடந்து குற்றுயிராய் வந்து சேர்ந்த ஹென்றியைக் காப்பாற்றிக் குடும்பத்தோடு கம்பெனியின் கோட்டைவரை கொண்டுபோய்ச் சேர்த்தவர்களும் நிமீபூக்கள்தான்.

இந்தத் திமோத்தியின் சொந்தப் பெயர் தமூட்சின். 1839 நவம்பரில் ஹென்றி முதன்முதலாக ஞானஸ்நானம் கொடுத்த இரண்டு நிமீபூக்களில் ஒருவர். இன்னொருவர் துயேகாகஸ், ஹென்றி அவருக்கு ஜோசப் என்று பெயர் வைத்தார். உங்கள் குடும்ப மரத்தில் இந்த இருவருக்கும் ஒரு கிளை இருக்க வேண்டும், இரத்தம் இல்லாவிட்டாலும். 1863இல் தங்கம் கிடைத்த நிலத்துக்காக அரசாங்கம் நிமீபூக்களின் ஒதுக்கீட்டு நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கைப் பிடுங்கிக்கொண்ட ஒப்பந்தத்தில், திமோத்தி கையெழுத்துப் போட்டார், ஜோசப் போடவில்லை. தன்னிடமிருந்த சுவிசேஷத்தையே கிழித்தெறிந்தார் என்று சொல்வார்கள். அது ஹென்றி அச்சடித்த வேதம். அந்த ஜோசப்பின் மகன்தான் 1877இல் தன் ஜனங்களோடு ஆயிரம் மைலுக்கு மேல் போர் செய்தபடியே போய், கனடா எல்லைக்கு 40 மைல் இருக்கும்போது சரணடைந்த தலைவர் ஜோசப். சின்ன வயதில் லாப்வாய் மிஷனைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. இதை உங்கள் வரலாற்றிலிருந்து எப்படிப் பிரிப்பது?

அப்புறம், கஷ்டமான விஷயம் ஒன்று. கொலை நடந்த இடத்துக்கு ஹென்றி தெரியாமல் போய் மாட்டிக்கொள்ளாமல் வழியிலேயே தடுத்து எச்சரித்தவர் பாதிரியார் புருயே, ஒரு கத்தோலிக்கர். உயிர் தப்பிய ஹென்றி மீதி வாழ்நாள் முழுக்க, கொலைக்குக் காரணம் கத்தோலிக்கப் பாதிரிமார்தான் என்று எழுதிக்கொண்டே இருந்தார். கூடவே இன்னொரு கதையையும் 1860களில் பரப்பினார்: ஆரிகன் பிரிட்டிஷ்காரர் கைக்குப் போகவிருந்தது, விட்மன் 1842 குளிர்காலத்தில் குதிரையேறி வாஷிங்டனுக்கு ஓடிப்போய் அதைக் காப்பாற்றினார் என்று. 1871இல் அது செனட் ஆவணமாகவே அச்சாகிவிட்டது, பிறகு பாடப்புத்தகங்களிலும் ஏறியது. விட்மன் கிளம்பியது 1842 அக்டோபரில். அவர் தடுக்கப் போனதாகச் சொல்லப்பட்ட, பிரிட்டனோடு செய்த எல்லை ஒப்பந்தமோ ஆகஸ்டிலேயே கையெழுத்தாகிவிட்டது. அவர் கிழக்கே ஓடியது மிஷனை மூடவேண்டும், ஸ்பால்டிங்கைத் திரும்ப அழைக்கவேண்டும் என்ற போர்டின் முடிவை மாற்றத்தான். யேல் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் எட்வர்ட் போர்ன் 1901இல் இதைப் பிட்டுப் பிட்டு வைத்தார். இத்தனைக்குப் பிறகும் 1953இல் விட்மனுக்கு வாஷிங்டன் நகரத்து நாடாளுமன்றக் கட்டடத்தில் சிலை வைத்தார்கள். வாஷிங்டன் மாநிலச் சட்டமன்றம் 2021இல்தான் அதை மாற்றி, மீன்பிடி உரிமைக்குப் போராடிய நிஸ்குவாலி இனத்து பில்லி ஃபிராங்க் ஜூனியரின் சிலையை வைக்கத் தீர்மானித்தது. உங்கள் முன்னோர் கட்டிவிட்ட கதையைத் திருத்தும் உரிமை மற்ற யாரையும்விட உங்களுக்கு அதிகம். தயவுசெய்து அதைப் பயன்படுத்துங்கள். புதிதாக அச்சாகும் குடும்ப வரலாறு எதிலும் அந்தக் கதை இனி வரக்கூடாது.

சரி, பெட்டிக்கு வருகிறேன். 1846இல் ஹென்றி லாப்வாயிலிருந்து பீப்பாய்களில் சில பொருட்களைக் கட்டி ஒஹாயோவில் இருந்த தன் நண்பர் டாக்டர் டட்லி ஆலனுக்கு அனுப்பினார். மிஷனுக்கு அவர் அனுப்பிய சாமான்களுக்குப் பதிலாக. நிமீபூப் பெண்கள் மணி கோத்துத் தைத்த தோல் ஆடைகள், முள்ளம்பன்றி முள் வேலைப்பாடு செய்த சட்டைகள், தொட்டில் பலகை, சேணம், குதிரை அலங்காரம். 1893இல் ஆலனின் மகன் அவற்றை ஓபர்லின் கல்லூரிக்குக் கொடுத்தார், கல்லூரி 1942இல் ஒஹாயோ வரலாற்றுச் சங்கத்துக்குக் கொடுத்தது. பிற்பாடு லாப்வாய்க்கே இரவலாக வந்தது. ஒரு பதினைந்து வருடம் கழித்துச் சங்கம் திரும்பக் கேட்டது, வேண்டுமானால் சந்தை விலை கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள், ஆறு மாதம்தான் கெடு என்றது. தங்கள் பாட்டிமார் கையால் தைத்ததற்கு நிமீபூக்கள் ஊர் ஊராக நிதி திரட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட காசு சேர்த்து, 1996இல் 6,08,100 டாலர் கட்டினார்கள். 2021இல் அந்தச் சங்கம் அந்தப் பணத்தை ஒரு டாலர் குறையாமல் திருப்பிக் கொடுத்தது. அதே ஆண்டில் ஸ்பால்டிங் - ஆலன் தொகுப்பு என்ற பழைய பெயரை எடுத்துவிட்டு, நிமீபூக்கள் அதற்கு வெத்கூவீட்டின் என்று பெயர் சூட்டினார்கள். சிறைப்பட்டிருந்து வீடு திரும்பியது என்று அர்த்தம்.

முதல்முறை அதைப் படித்தபோது எங்கள் வீட்டுப் பைபிளின் முதல் பக்கம்தான் நினைவுக்கு வந்தது. எங்களுக்குத் தேவைப்படுவது ஒரு கடிதம், அவ்வளவுதான். அவர்களுக்கு எவ்வளவோ இருக்கிறது.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். டிரங்குப் பெட்டி, பரண், வங்கிப் பெட்டகம், பாட்டி விட்டுப்போன தையல் கூடை, எதுவானாலும் ஒருமுறை திறந்து பாருங்கள். மணி வேலை செய்த ஒரு காலணி இருக்கலாம், பின்னால் பெயர் எழுதாத ஒரு புகைப்படம் இருக்கலாம், நெஸ் பெர்ஸ் சொற்கள் எழுதிய ஒரு பழைய நோட்டு இருக்கலாம். அந்த மொழியைச் சரளமாகப் பேசுகிறவர்கள் இன்று மிகக் குறைவு, அவர்களுக்கு ஒரு சொல்கூட பெரிது. ஏலக்கடைக்குப் போவதற்கு முன்னால் லாப்வாயில் இருக்கும் நிமீபூக்களிடம் கேளுங்கள். அவர்களும் உங்களுக்குச் சொல்ல நிறைய வைத்திருப்பார்கள். எலைசா 1851இல் ஆரிகனில் இறந்தார், 1913இல் அவர் எலும்புகளை எடுத்துவந்து லாப்வாய் ஓடை சேரும் இடத்தில் கணவர் பக்கத்தில் வைத்தார்கள். சுற்றிலும் நிமீபூக் கல்லறைகள். அங்கே பிரஸ்பிட்டீரியன் சபைகளில் இன்றும் அவர்கள் மொழியில் ஞானப்பாட்டுப் பாடுகிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து பேசாமல் உங்கள் வரலாறு எப்படி முழுசாகும்?

கடைசியாக ஒன்று, இது ஆரிகன் பக்கம் குடியேறிய எல்லாப் பழைய குடும்பங்களுக்கும். வயிலட்பு கொலைகளுக்காக 1850 ஜூன் 3 அன்று ஆரிகன் சிட்டியில் ஐந்து கயூஸ்களைத் தூக்கில் போட்டார்கள்: திலோகைக்த், தமாஹாஸ், குளோகமாஸ், இசியாஷெலுக்கஸ், கியாமசும்கின். அவர்களைப் புதைத்த இடம் எது என்று இன்றுவரை தெரியவில்லை. உமட்டில்லா ஒதுக்கீட்டு நிலத்தில் வாழும் கயூஸ் மக்கள் தங்கள் ஆட்களை வீட்டுக்குக் கொண்டுபோக அந்த இடத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அன்று அந்த ஊரில் கூட்டத்தோடு நின்று பார்த்தவர்கள் நிறையப் பேர். அவர்களில் யாராவது ஒருவர் அன்று இரவு தம்பிக்கோ அம்மாவுக்கோ கடிதம் எழுதியிருந்தால், அதில் எந்த மேட்டுக்கருகில், எந்த மரத்தடியில் என்று ஒரு வரி இருந்தால், அந்தக் கடிதம் உங்கள் வீட்டில் இருந்தால், அசலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், நகலையாவது உமட்டில்லா நிலத்துக்குப் பக்கத்து ஊரான பெண்டில்டனுக்கு, அந்த மக்களுக்கு அனுப்பி வையுங்கள்.

அன்புடன்,
வட்டுக்கோட்டைக் குடும்பத்துப் பிள்ளை ஒருவன்