கடைசி இருபது நிமிடத்தை வந்து பாருங்கள்

பிரேசிலியன் ஜியு-ஜிட்சு ஜிம்களை ஃபிரான்சைஸ் முறையில் நடத்தும் தலைமை அலுவலகங்களுக்கு,

வணக்கம். தரையில் உருண்டு பிடி போடும் இந்தக் கலையை உங்கள் ஜிம் ஒன்றில் ஆறு வருடமாகப் பயிற்சி செய்கிறேன். இப்போது பர்பிள் பெல்ட் (வெள்ளை, ப்ளூ, பர்பிள், பிரவுன், பிளாக் என்ற வரிசையில் மூன்றாவது). ஜிம்மை விட்டுப் போகும் எண்ணம் இல்லை. போகிறவர்கள் கடிதம் எழுத மாட்டார்கள், பேசாமல் பணம் கட்டுவதை நிறுத்திவிடுவார்கள். இருக்கப்போகிறவன் என்பதால்தான் எழுதுகிறேன்.

ஒரு மாலை வகுப்பைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். வார்ம்-அப் முடிந்தது, இரண்டு டெக்னிக் சொல்லிக்கொடுத்தார்கள், கடைசி இருபது நிமிடம் ரோலிங், அதாவது ஜோடி ஜோடியாக நிஜமாகவே மோதிப் பழகுவது. எனக்குப் பக்கத்தில் இரண்டு வெள்ளை பெல்ட்காரர்கள். ஒருவர் சேர்ந்து மூன்று வாரம், இன்னொருவர் நான்கு மாதம். நான்கு மாதக்காரருக்குத் தோளைத் திருகும் கிமுரா பிடி கிடைத்தது. கீழே இருந்தவர், விட்டுவிடு என்பதற்கு அடையாளமாக, மேலே இருந்தவர் முதுகில் இரண்டு தடவை தட்டினார். மெதுவாகத்தான் தட்டினார், ஓங்கித் தட்ட வேண்டும், வாயாலும் 'டேப்' என்று சொல்லலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. மேலே இருந்தவருக்கோ பிடி மாட்டியதும் மெதுவாக அழுத்திக் காத்திருக்க வேண்டும் என்று தெரியாது. ஒரே இழு. தோளில் கேட்ட சத்தம் எனக்கே கேட்டது.

கோச் அப்போது மேட்டில் (பயிற்சி விரிப்பில்) இல்லை. முன் மேசையில், ட்ரையல் வகுப்புக்கு வந்த இரண்டு பேரிடம் சந்தா பேசிக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் நல்ல மனிதர், அந்த மாதம் இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்று அவர் தலையில் ஒரு எண் இருந்தது. அடிபட்டவர் ஒற்றைக் கையால் பையை மூடிக்கொண்டு கிளம்பினார். திரும்ப வரவில்லை.

அதற்கு முந்தைய வாரம்தான் உங்கள் தரப்பிலிருந்து ஒருவர் கிளையைப் பார்க்க வந்திருந்தார். சுவரில் லோகோ சரியான அளவில் இருக்கிறதா, எல்லோர் உடையிலும் பேட்ச் சரியான இடத்தில் இருக்கிறதா, வகுப்பு அட்டவணை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார், படம் எடுத்தார். ரோலிங் தொடங்குவதற்கு முன்பே கிளம்பிவிட்டார்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். நீங்கள் பார்க்கிற இடமும், இந்தக் கலை உயிரோடு இருக்கிற இடமும் வேறு வேறாக இருக்கின்றன.

இந்தக் கலை எதனால் இவ்வளவு தூரம் வந்தது என்று யோசித்துப் பாருங்கள். கானோ ஜிகோரோ 1882-இல் ஜூடோவைத் தொடங்கியபோது, எதிர்த்து நிற்கிற ஆளோடு தடையில்லாமல் மோதிப் பழகும் ரன்டோரி முறையை நடுவில் வைத்தார். அந்த வழியில் பயின்ற மாயெதா 1914-இல் பிரேசிலுக்குப் போனார். அவர் கொண்டுவந்தது பிரேசில்காரர்களான கிரேசி சகோதரர்கள் கைக்குப் போய், பிறகு ரியோவில் அகாடமி ஆயிற்று. 1993-இல், பல சண்டைக் கலைக்காரர்கள் மோதிய முதல் யுஎஃப்சி போட்டியில் அந்தக் குடும்பத்து ராய்ஸ் கிரேசி தன்னைவிடப் பெரிய ஆட்களைச் சரணடைய வைத்ததைப் பார்த்துத்தான் உலகம் திரும்பிப் பார்த்தது. இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரு சின்ன ஏற்பாடு. நான் தட்டினால் நீ விட்டுவிடுவாய். அந்த நம்பிக்கை இருப்பதால்தான் முழு பலத்தோடு பழக முடிகிறது, மறுநாளும் வர முடிகிறது. அது உடைகிற இடத்தில், பாடத்திட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை.

உங்களால் நடந்த நல்லதையும் சொல்லியாக வேண்டும். புதிதாக வந்தவனை முதல் நாளே கசக்கிப் பிழிந்து, தாங்குகிறானா என்று பார்க்கிற பழைய வழக்கம் பல இடங்களில் இருந்தது. பயந்த சுபாவம் உள்ளவர்கள், பெண்கள், ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் எல்லாம் உள்ளே வரும்படி ஒரு சுத்தமான வாசலை நீங்கள் திறந்தீர்கள். நானே அந்த வாசல் வழியாக வந்தவன்தான்.

ஆனால் பாடத்திட்டத்தில் நடுவில் ஒரு படி காணவில்லை. முதல் சில வாரம், எதிர்க்காமல் சும்மா உடம்பைக் கொடுக்கிற ஆளின்மேல் டெக்னிக்கைத் திரும்பத் திரும்பச் செய்கிறோம். அப்புறம் ஒரு நாள், இத்தனை வகுப்பு முடித்துவிட்டாய் என்று நேராக முழு ரோலிங்கில் விடுகிறார்கள். இரண்டுக்கும் இடையில் இருக்க வேண்டியது பொசிஷனல் ஸ்பாரிங், அதாவது ஒரே ஒரு நிலையிலிருந்து மோதிப் பழகுவது. ஒருவர் சைடு கன்ட்ரோலில் (பக்கவாட்டில் மார்பால் அழுத்தி) மேலே, இன்னொருவர் கீழே. கீழே இருப்பவருக்கு ஒரே வேலை, முழங்காலை உள்ளே நுழைத்து, எதிராளியைக் கால்களால் தடுக்கும் கார்டு நிலைக்குத் திரும்புவது. மேலே இருப்பவருக்கும் ஒரே வேலை, விடாமல் பிடித்து வைப்பது. சப்மிஷன் (தட்ட வைக்கும் பிடி) கிடையாது. மூன்று நிமிடம், பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும். இதில் பயம் தணிகிறது, மூச்சு கட்டுக்குள் வருகிறது, எப்போது நகர வேண்டும் என்பதை உடம்பு தானாகக் கற்றுக்கொள்கிறது. ஒத்துழைக்கிற ஆளிடம் நாற்பது தடவை செய்து பார்த்த எஸ்கேப், எதிர்க்கிற ஆளிடம் ஒரு தடவைகூட வராமல் போவதை நான் என் உடம்பில் பார்த்தவன்.

அடுத்தது பெல்ட் விஷயம். ப்ளூ பெல்ட் எனக்கு வருகைக் கணக்கில் வந்தது. அட்டையைத் தேய்த்துத் தேய்த்து எண் நிறைந்ததும், கட்டணம் கட்டி, தேர்வு என்ற பெயரில் ஒத்துழைக்கிற பார்ட்னரோடு பட்டியலில் உள்ளதைச் செய்து காட்டினேன். இரண்டு மாதம் கழித்து நண்பர் ஒருவர் வேறொரு ஜிம்மின் ஓப்பன் மேட்டுக்கு (வெளியாட்களும் வந்து ரோல் செய்யும் நேரத்துக்கு) அழைத்துப் போனார். அங்கே என்னைவிட மெலிந்த ஒரு வெள்ளை பெல்ட் பெண் என்னை ஐந்து நிமிடம் சைடு கன்ட்ரோலில் வைத்திருந்தார். என்னால் இடுப்பைக்கூட நகர்த்த முடியவில்லை. அவர் மிகவும் மரியாதையாக, 'இந்த முழங்கை இங்கே இருக்க வேண்டும்' என்று காட்டிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்து பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உழைக்காமல் வாங்கியது இல்லை அது, ஒரு நாள்கூடத் தவறாமல் போயிருந்தேன். அதனால்தான் வலித்தது.

சர்வதேசக் கூட்டமைப்பான ஐபிஜேஜேஎஃப் விதிப்படி வயது வந்தவர்கள் ப்ளூவில் குறைந்தது 2 வருடம், பர்பிளில் ஒன்றரை வருடம், பிரவுனில் 1 வருடம் இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. வெள்ளையிலிருந்து ப்ளூவுக்கு அப்படிக் கால வரம்பு இல்லை. அந்த இடம் முழுக்க முழுக்கக் கோச்சின் கண்ணை நம்பி விடப்பட்டிருக்கிறது. அந்தக் கண்ணின் இடத்தில்தான் நீங்கள் அட்டை தேய்க்கும் கருவியை வைத்திருக்கிறீர்கள்.

கோச்சுகளைப் பற்றிப் பேசும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ப்ளூ பெல்ட்காரர் ஆரம்ப வகுப்பு எடுப்பதில் தப்பே இல்லை. பிளாக் பெல்ட்கள் அரிதாக இருந்த இடங்களில் இந்தக் கலை அப்படித்தான் பரவியது. ஆனால் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது? யாரோடு யாரைச் சேர்ப்பது, எந்த ஜோடியின் பக்கத்தில் போய் நிற்பது, எப்போது 'நிறுத்து' என்று கத்துவது என்பதெல்லாம் பெல்ட்டோடு சேர்ந்து வருவதில்லை. கழுத்தின் இரு பக்கமும் ரத்த ஓட்டம் அடைபட்டால் பத்து நொடி வாக்கில் ஆள் மயங்கிவிடுவார். சில சமயம் தட்டுவதற்கும் அவருக்கு நேரம் இருக்காது. கை தளர்வதைப் பார்க்கிற ஒரு ஜோடிக் கண் மேட்டில் இருந்தே ஆக வேண்டும்.

ஐபிஜேஜேஎஃப் போட்டிகளில் இதற்கெல்லாம் விதி வைத்திருக்கிறார்கள். கத்தரிக்கால் போட்டு விழத்தட்டுவது எல்லா பெல்ட்டுக்கும் தடை. வெள்ளை பெல்ட் க்ளோஸ்டு கார்டுக்கு (எதிராளியின் இடுப்பைக் கால்களால் பூட்டும் நிலைக்கு) தாவக் கூடாது. குதிகாலைத் திருகும் ஹீல் ஹூக் 2021-இலிருந்து, நோ-கியில் (கி எனும் பயிற்சி உடை இல்லாத பிரிவில்) மட்டும், பிரவுன், பிளாக் பெல்ட் பெரியவர்களுக்கு மட்டும். நடுவர் நிற்கிற, நாலு பேர் பார்க்கிற போட்டியிலேயே இவ்வளவு ஜாக்கிரதை. யாரும் பார்க்காத நம் கடைசி இருபது நிமிடத்துக்கு எழுதி ஒட்டிய விதி என்று என்ன இருக்கிறது? 2018-இல் கலிஃபோர்னியாவில் ஒரு வெள்ளை பெல்ட் மாணவர், பயிற்றுநரோடு ரோல் செய்யும்போது கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டு உடல் செயலிழந்தார். 2023-இல் நீதிமன்ற நடுவர் குழு அவருக்கு 4.6 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அங்கே எதிரில் இருந்தவர் புது ஆள் இல்லை, சொல்லிக்கொடுக்கிறவர். அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் கிளைக்கு உங்களிடமிருந்து வந்த ஒரே மின்னஞ்சல், புது கி உடையை வாங்கச் சொல்லி வந்தது.

அப்புறம் விசுவாசம் என்ற பெயரில் நடப்பது. ஜிம் மாறுகிறவனைத் துரோகி என்று அழைக்க பிரேசிலில் 'கிரியோன்சி' என்றே ஒரு சொல் உண்டு. பழைய காலத்தில் ஒரு ஜிம்மின் உத்தி அடுத்த ஜிம்முக்குத் தெரியக் கூடாது என்ற கவலை இருந்தது, சரி. இன்று மாதச் சந்தா கட்டிவிட்டு வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் வந்து போகிறவரிடம் அந்தச் சொல்லைப் பிரயோகிக்கலாமா? வேறு மேட்டுக்குப் போகக் கூடாது என்று தடுத்தால், என்னைப் போன்றவருக்குத் தன் ஓட்டை எங்கே இருக்கிறது என்று கடைசிவரை தெரியாது.

இதைவிடக் கனமான ஒன்றும் உண்டு. ரோல் செய்ய விருப்பமில்லை என்று சொல்லும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்பதை முதல் நாளே சொல்ல வேண்டும். குறிப்பாக, பெண்கள் 'இவரோடு வேண்டாம்' என்றால் காரணம் கேட்காமல் மாற்றிவிட வேண்டும். எங்கள் கிளையில் கோச்தான் உரிமையாளர், உரிமையாளர்தான் கோச். அவரைப் பற்றியே புகார் என்றால் யாரிடம் போவது? உங்கள் பக்கம் ஒரு ஆள், ஒரு எண், மாணவர்கள் நேரடியாகப் பேசும்படி இருக்க வேண்டும். பேட்ச் எங்கே தைக்க வேண்டும் என்று கேட்க அப்படி ஒரு ஆள் ஏற்கெனவே இருக்கிறாரே.

ரோலிங் நடக்கும்போது கோச் மேட்டை விட்டு நகரக் கூடாது, சந்தா பேச வேறு ஆள் வேண்டும். ஒவ்வொரு காயமும் எழுதப்பட வேண்டும், அந்த எழுத்து உங்கள் மேசைக்கு வர வேண்டும். கிளைகளை மதிப்பிடும்போது எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதோடு, எத்தனை வெள்ளை பெல்ட்காரர்கள் ஒரு வருடம் கழித்தும் வருகிறார்கள் என்பதையும் பாருங்கள். தோல் நோய் விஷயத்தில் எங்கள் கிளை நன்றாகவே இருக்கிறது, மேட்டைத் தினமும் கழுவுகிறார்கள், படர்தாமரை வந்தவரைத் திருப்பி அனுப்புகிறார்கள். நீங்கள் சொல்லிவைத்ததால்தான் அதைச் செய்கிறார்கள். ஆகவே சொன்னால் நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் வகுப்பு செவ்வாயும் வியாழனும் மாலை ஏழு மணிக்கு. ரோலிங் தொடங்க எட்டேகால் ஆகும். அடுத்த முறை ஆள் அனுப்பும்போது முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டாம். வருபவர் கேமராவோடு கி உடையையும் எடுத்து வரட்டும். புதிதாகச் சேர்ந்தவர்களோடு இரண்டு ரவுண்டு உருண்டுவிட்டு அறிக்கை எழுதட்டும்.

அன்புடன்,
உங்கள் கிளை ஒன்றின் மாணவன்