ஓட்டைக் குழாயில் விடவா கடல்நீரைச் சுத்திகரிக்கிறோம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தண்ணீர்த் தட்டுப்பாட்டைச் சமாளிக்க வந்திருக்கும் புதுத் தொழில்நுட்பங்களைப் பற்றி உங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கடல்நீரைக் குடிநீராக்குவது, காற்றின் ஈரத்திலிருந்து தண்ணீர் எடுப்பது, நீர்த்தேக்கத்தின் மேல் சோலார் தகடுகளை மிதக்கவிடுவது என்று நிறையத் தகவல்கள். நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் அப்படித் தயாரித்த தண்ணீர் வீடு வந்து சேர்கிறதா என்ற பேச்சே அதில் இல்லை. குழாய்ப் பராமரிப்பில் முப்பது வருடம் வேலை பார்த்தவனுக்கு அது உறுத்தாமல் இருக்குமா?

எங்கள் வேலையில் பாதி நடுராத்திரியில்தான் நடக்கும். இரண்டு மணிக்கு ஊரே தூங்கும்போது குழாயைத் திறப்பவர்கள் குறைவு. அப்போதும் ஒரு பகுதிக்குப் போகும் மெயின் லைன் மீட்டர் வேகமாகச் சுற்றினால், தண்ணீர் மண்ணுக்குள் போகிறது என்று அர்த்தம். கையில் ஓர் இரும்புக் கம்பி இருக்கும். ஒரு நுனியை வால்வின் மேல் ஊன்றி, மறு நுனியில் காதை வைத்துக் கேட்போம். கசிவு இருந்தால் மெல்லிய சீறல் கேட்கும். கிட்டே போகப் போக அது கூர்மையாகும். இரும்புக் குழாய் தன் வலியைச் சத்தம் போட்டுச் சொல்லிவிடும். பிளாஸ்டிக் குழாய் ஊமை, கொஞ்சம் தள்ளிப் போனாலே ஒன்றும் கேட்காது.

இன்று அந்தக் கம்பியின் வேலையை ஒலி உணரிகள் செய்கின்றன. குழாயின் இரண்டு இடங்களில் உணரியைப் பொருத்திவிட்டால், சீறல் ஒவ்வொன்றையும் எட்டும் நேர வித்தியாசத்தை வைத்து ஓட்டை எங்கே என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். புதுமை என்று நான் கைதட்டுவது இதற்குத்தான். ஆனால் கருவி காட்டிய இடத்தை மறுநாள் தோண்ட ஆள் வராவிட்டால், அது கணினித் திரையில் ஒரு சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான்.

ஒரு சின்னக் கணக்கு. குழாயில் 3 மில்லிமீட்டர் ஓட்டை, உள்ளே 30 மீட்டர் உயர நீரின் அழுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்குச் சுமார் 9,000 லிட்டர் வெளியேறும். சாலை மேல் ஒரு சொட்டு ஈரம்கூடத் தெரியாமல் மாதக்கணக்கில் இது நடக்கும். அதே ஓட்டையை அப்படியே விட்டுவிட்டு அழுத்தத்தை மட்டும் பாதியாக்கினால் கசிவு 6,000 லிட்டர் சொச்சத்துக்கு இறங்கிவிடும். பிளாஸ்டிக் குழாயில் விரிசல் என்றால் இன்னும் லாபம், ஏனென்றால் அழுத்தம் குறையும்போது விரிசலின் வாயும் சுருங்கும். இரவில் தேவை குறைவதால் குழாயில் அழுத்தம் தானாகவே ஏறும். அந்த நேரம் பார்த்து அதைக் குறைக்கும் வால்வு ஒன்றும் பெரிய அதிசயம் இல்லை. தென்னாப்பிரிக்காவில் கேப்டவுனை ஒட்டிய கயலிட்ஷாவில் 2001-இல் பெரிய அளவில் இதைச் செய்தபோது, அந்தப் பகுதிக்குப் போகும் தண்ணீரில் சுமார் 40 சதவீதம் மிச்சமானது. புது அணை கட்டவில்லை, புது ஆலை வைக்கவில்லை.

வளரும் நாடுகளின் குழாய்களில் கசிந்து வீணாகும் தண்ணீர் நாளொன்றுக்குச் சுமார் 4,500 கோடி லிட்டர் என்று உலக வங்கி 2006-இல் மதிப்பிட்டது. கிட்டத்தட்ட 20 கோடிப் பேருக்குப் போதுமான தண்ணீர் அது. ஏற்கெனவே ஆற்றிலிருந்து எடுத்து, சுத்திகரித்து, குளோரின் போட்டு, மின்சாரம் செலவழித்துத் தள்ளிய தண்ணீர் என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல்.

‘எங்களிடம் பணம் இல்லை, பழைய குழாய், ஒன்றும் செய்ய முடியாது’ என்று சொல்பவர்களிடம் கம்போடியாவின் தலைநகர் நாம்பென்னைக் காட்டுவேன். போரில் நொறுங்கிய நகரம் அது. 1993-இல் அனுப்பிய தண்ணீரில் 72 சதவீதத்துக்குக் கணக்கே இல்லை. அந்த வருடம் நகரக் குடிநீர் வாரியத்தின் தலைமைப் பொறுப்பேற்ற எக் சொன் சான் எல்லா இணைப்புக்கும் மீட்டர் வைத்தார், திருட்டு இணைப்புகளை வெட்டினார், கசிவைத் தேட இரவு பகலாக அணிகளை நிறுத்தினார். மீட்டர் பொருத்தப் போன இடத்தில் ஒரு ராணுவ உயரதிகாரி துப்பாக்கியை நீட்டியதை அவரே சொல்லியிருக்கிறார். இருபது வருடம் ஆவதற்குள் இழப்பு 6 சதவீதம் அளவுக்கு வந்துவிட்டது, 24 மணி நேரமும் தண்ணீர் வந்தது. 2006-இல் அவருக்கு மகசேசே விருது கொடுத்தார்கள். இதில் ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை என்பது உங்கள் வாசகர்களுக்கே தெரியும்.

24 மணி நேரம் என்பதையும் வெறும் வசதி என்று நினைத்துவிடக் கூடாது. விட்டு விட்டுத் தண்ணீர் விடும்போது குழாய் காலியாகி, உள்ளே அழுத்தம் இல்லாமல் போகும். அப்போது தண்ணீர் வெளியே கசிந்த அதே ஓட்டை வழியாகச் சாக்கடை உள்ளே இறங்கும். தட்டுப்பாட்டுக்கும் வயிற்றுப்போக்குக்கும் வாசல் ஒன்றுதான்.

சரி, கடல்நீர் ஆலையே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. மழை பொய்த்தாலும் கடல் வற்றாது. ஆனால் 1,000 லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்க 3 முதல் 4 யூனிட் மின்சாரம் வேண்டும். மூன்றில் ஒரு பங்கைக் கசியவிடும் வலைப்பின்னலில் அதை ஊற்றினால், ஆலை ஓடும் மூன்று நாளில் ஒரு நாள் மண்ணை நனைக்கத்தான் ஓடுகிறது.

கடலுக்குப் போகுமுன் இன்னொரு ஊற்றும் கையருகே இருக்கிறது. நாம் பயன்படுத்திவிட்டு அனுப்பும் கழிவுநீர். அதைக் குடிநீராக்க கடல்நீருக்கு ஆவதைவிட மின்சாரம் குறைவு, ஏனென்றால் அதில் உப்பு மிகக் குறைவு. நமீபியாவின் விண்ட்ஹூக் நகரம் 1968-லிருந்தே இதைக் குடித்துக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் வற்றாத ஆறு கிடையாது, வேறு வழியும் கிடையாது. கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் 2008 முதல் சுத்திகரித்த நீரை நிலத்தடிக்கு அனுப்பிச் சேமிக்கிறார்கள். இப்போது அதன் திறன் நாளுக்குச் சுமார் 49 கோடி லிட்டர். நிலத்தடியில் வைத்தால் வெயிலில் ஆவியாகும் கவலையும் இல்லை.

இங்கே தடையாக இருப்பது இயந்திரம் அல்ல, முகச்சுளிப்பு. 2006-இல் ஆஸ்திரேலியாவின் டூவூம்பா நகரத்தில், அணைகள் வற்றிக்கொண்டிருந்த வறட்சியிலேயே, பத்தில் ஆறு பேருக்கு மேல் இதற்கு எதிராக வாக்களித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிங்கப்பூரில் ஆலைகளைத் திறப்பதற்கு முன்பே, 2002 தேசிய தின விழாவில் பிரதமர் கோ சோக் டோங் முதல் கூட்டம் வரை எல்லோர் கையிலும் அந்தத் தண்ணீர் பாட்டில் இருந்தது. ஆலையை மக்கள் பார்த்துப்போகப் பார்வையாளர் மையமும் வைத்தார்கள். அதைவிடச் சாமர்த்தியம், அதில் பெரும்பகுதியைச் சிப் தயாரிக்கும் தொழிற்சாலைகளுக்குக் கொடுத்ததுதான். குடிநீரைவிடச் சுத்தமான தண்ணீர் கேட்கும் தொழில் அது. அப்புறம் யார் முகம் சுளிப்பார்கள்?

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எந்த நகரத்திலாவது புதுக் குடிநீர் ஆலையின் திறப்பு விழாச் செய்தியைப் போடும்போது, அதன் திறன் எத்தனை கோடி லிட்டர் என்பதற்குப் பக்கத்திலேயே, அந்த நகரத்தின் குழாய்களில் எத்தனை சதவீதம் கணக்கில் வராமல் போகிறது என்பதையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். ‘அப்படி ஒரு கணக்கு எங்களிடம் இல்லை’ என்று பதில் வந்தால் அதையும் அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குழாய்ப் பராமரிப்பு ஊழியர்